கடி

கிளிநொச்சி. வியாழக்கிழமைத் தோல் கிளினிக்.
பத்துக் கேள்வி, ஒரே தாள்.
ஆங்கிலத்தில் இரண்டு நிமிடத்தில் நிரப்பலாமாம்.
எனக்கு முதலாவது கேள்விக்கே
மூன்று வாரம் போனது.

அரிப்பு என்று எழுதினேன்.
கந்தவனத்தார் கண்ணாடிக்கு மேலால் பார்த்து
"மண்ணரிப்போ பிள்ளை?
வாய்க்கால் கட்டு போன மாரியிலயே போட்டுது" என்றார்.
நமைச்சல் என்று மாற்றினேன்.
அகராதியில் இருக்கிற சொல்,
ஒருவரும் அதைச் சொறிந்ததில்லை.
தினவு என்றால் தோளுக்கு, சண்டைக்கு.
கடைசியில்
வாங்கில் இருந்த எல்லாரும் சொன்னதையே எழுதினேன்:
கடந்த ஏழு நாட்களில்
உங்கள் தோல் எவ்வளவு கடித்தது?

தாள் கொழும்புக்குப் போனது.
அங்கே ஒருவர் என் தமிழை
மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும்.
மூலத்தை அவர் பார்க்கக் கூடாது, அது விதி.
திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மை:
கடித்தது எது? நாயா, பூச்சியா?
தெளிவுபடுத்தவும்.

அதற்கிடையில் ஆறாம் கேள்வி, விளையாட்டு.
தோல் உங்களை விளையாட விடாமல் தடுத்ததா?
கந்தவனத்தார் சிரித்தார்.
"முந்நூற்றுநாலும் விளையாட்டுத்தானே?
என்ர கையைக் கண்டாப் பிறகு
ஆரும் என்னைச் சீட்டுக் கலைக்க விடுறேல்லை."
மிக அதிகம் என்று போட்டேன்.
ஒன்பதாம் கேள்வி, வாழ்க்கைத்துணை.
ஞானசோதி தாளைத் திருப்பி வைத்தாள்.
பொருந்தாது என்று ஒரு பெட்டி இருக்கு, போடட்டோ?
"வேண்டாம். அப்பிடி எழுதாதேங்கோ.
சும்மா விடுங்கோ."
விட்டேன்.
வெறுமையாக விட்டால் பூச்சியம்.
அதுவும் விதி.

யசிந்தா பதினொரு மணிக்கு வந்தாள்.
முகமாலையில் கண்ணிவெடி எடுக்கிறாள்.
முழங்கை, முழங்கால், நெற்றி மயிரோரம்
எல்லாம் வெள்ளிச் செதில்.
விரல்களோடு அவளுடைய ஓர் உள்ளங்கை
உடம்பில் நூற்றிலொன்று.
டொக்டர் அளந்தார், பதினொரு உள்ளங்கை.
தாளில் அவள் போட்டிருந்தது
பத்து இடத்திலும் சாடையாக.
கூட்டினால் பத்து.
பத்தைத் தாண்டினால்தான்
பெரிய மருந்துக்கு எழுதலாம்.

ஏன் எல்லாம் சாடை?
"இது கொம்பனிக்குப் போகுமோ மிஸ்?"
போகாது.
"வேலைக்குப் போறன்தானே. காசும் வருது.
பிறகு எப்பிடி அதிகம் எண்டு போடுறது?"

தாளை எடுத்து வைத்துவிட்டு
வாயால் கேட்டேன்.
கடிக்கிறதோ?

"முகக்கவசம் இறக்கினா நாப்பது நிமிசம்.
கையை மண்ணில இருந்து எடுக்கேலாது.
அப்ப பாத்துத்தான் கடிக்கும்,
கவசத்துக்கு உள்ள, இந்த இடத்தில.
நான் எண்ணத் தொடங்குவன்.
இருநூறு மட்டில ஒருக்கா விடும்.
பிறகு திருப்பியும் ஒண்டில இருந்து."

எது கடிக்குது?
கொழும்புக்காக அதையும் கேட்டேன்.
என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.
"என்ர தோல்தான் மிஸ். வேற ஆர்?"

பேனை என் கையில் இருந்தது.
கேட்காமலே வாங்கினாள்.
முதலாம் கேள்வியில் மட்டும்
சாடையை வெட்டிவிட்டு
கடைசிப் பெட்டியில் கோடு போட்டாள்,
தாள் கொஞ்சம் கிழிந்தது.
பன்னிரண்டு.

சிவப்பு மைக்குக் கீழே நீலத்தில் எழுதினேன்:
கடித்தது தோல்.
இங்கே அப்படித்தான் சொல்வது.
மாற்ற வேண்டாம்.

மத்தியானம் யன்னலால் பார்த்தேன்.
வீதிக்கு அங்கால், பரந்தன் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நின்றவள்
களிம்புப் பையைப் பல்லில் கவ்விக்கொண்டு
இரண்டு கையாலும்,
வழியில் போகிறவர் வருகிறவர் பார்க்கப் பார்க்க,
கண்ணை மூடி
சொறிந்துகொண்டு நின்றாள்.
ஒரு பஸ் வந்து போனது.