எடை மேடை

பகாவுக்கு வெளியே, தோட்டத்து ஆலையில் எனக்கு வேலை.
லோரி ஏறும், எண் எழுதுவேன், லோரி இறங்கும்.
இரவு ஷிப்டில் பதினோரு மணிக்கு மேல்
செம்பனைக் குலை வரத்துக் குறைந்துவிடும்.
மடிக்கணினியில் என் ஆலையைத் திறப்பேன்.

குமிழ் வைத்த விளையாட்டுக் கட்டைகள்,
நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.
துருவின் நிறத்துக்காக ஒரு வாரம் அலைந்தேன்.
இந்த நிறத்தில் இந்தத் துண்டு கிடையாது என்றது திரை,
தவுக்கே மாதிரி, முகம் பார்க்காமல்.
சரி, பழுப்பு.

திரையில் எதுவும் விழாது.
கன்வேயரின் ஒரு முனைக்குப் பிடிமானம் வைக்க மறந்திருக்கிறேன்;
மூன்று மாதம் அந்தரத்திலேயே நின்றது.
இரண்டு மாத ஓவர்டைம் பொட்டலமாக வந்து
கையால் கோத்தபோதுதான்
மேசையெல்லாம் மஞ்சள் மழை.
லோரிக்கார அருளப்பன் தரையில் தவழ்ந்து
பத்தொன்பது பொறுக்கித் தந்தார்.
"நாப்பத்து மூணு வயசுல என்னா விளையாட்டு தங்கச்சி?"
கேட்ட வாயால், கொஞ்சம் பொறுத்து,
"பாய்லர் கதவு இடப்பக்கம்ல தொறக்கும்."
கழற்றினேன். அறுபத்தெட்டுக் கட்டைகள்.

நேற்று முடிந்தது.
விடியுமுன், வண்டி ஏதும் இல்லாத நேரம்,
இரண்டு கையாலும் ஏந்திப்போய்
எடை மேடை நடுவில் வைத்தேன்.
உள்ளே ஓடிவந்து பார்த்தால்
சுழியம்.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.

ஆனாலும் சீட்டு அடித்தேன்.
சரக்கு: ஆலை, ஒன்று.
வண்டி எண் இல்லாமல் வராது என்று அடம்பிடித்தது.
அருளப்பன் எண்ணைப் போட்டேன்.