பூஜ்யம் போட்ட இடங்கள்

பதினேழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும்
பூஜ்யத்திலிருந்து ஆறு வரை கட்டங்கள்.
பூஜ்யம் என்றால் தொந்தரவே இல்லை.
ஆறு என்றால்,
"தாங்கவே முடியலைன்னு அர்த்தம்க்கா"
என்றாள் ஆராய்ச்சி மாணவி.
காரைக்குடி ஆஸ்பத்திரி, மின்விசிறிக்கு நேர் கீழே,
தாள் பறக்காமலிருக்க
உமையாளின் தண்ணீர் பாட்டிலை அதன்மேல் வைத்தேன்.

போன நான்கு வாரத்தில்
குடும்பத்தோடு வெளியூர் போவது தடைபட்டதா?
கிளம்பினால்தானே தடைபட.
பூஜ்யம்.

விருந்துக்குப் போவதில் சிரமம்?
கோட்டையூர் நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குப்
பத்திரிகை வந்தது, பின்னாலேயே போனும் வந்தது:
"பிள்ளைய வச்சுக்கிட்டு அலைய வேணாம்,
நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."
சிரமமே இல்லை. பூஜ்யம்.

ஹோட்டல், பூஜ்யம்.
திருவிழாவுக்கு மாடியில் நின்றோம்.
தேரின் உச்சிக் குடை தெரிந்தது.
அதற்கும் பூஜ்யம்.

சமையலுக்குக் கூடுதல் நேரம் ஆகிறதா?
பேனா இங்கே நின்றது.
நான் பலகாரக் கூடத்தில் வேலை செய்கிறவள்.
சிங்கப்பூர் போகிற தேன்குழலும் மனகோலமும்
செக்குக் கடலெண்ணெயில் என் கையால் வேகின்றன.
நாளைக்கு மூன்று டின்.
அந்தக் கூலியில்தான் இவளுக்குத்
தனியாகத் தேங்காயெண்ணெய் வாங்குகிறேன்.
சாயங்காலம் கொல்லைக் குழாயடியில்
சேலையை மாற்றி, தலைக்கு ஊற்றி,
நகக்கண் வரை சீயக்காய் போட்டுத் தேய்த்த பிறகே
"அம்மா வந்துட்டேன்."
அதுவரை ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று
எத்தனை சொம்பு என்று எண்ணுவாள்.
இருபத்திரண்டு தாண்டினால் கதவைத் திறப்பாள்.
இது சமையலா, குளியலா,
எந்தக் கேள்வியில் எழுத?

பிள்ளைக்கு ஆபத்து வருமோ என்ற பயம்?
ஆறு போட்டு, அடித்து, நான்காக்கினேன்.
தை மாதம் ஒரு ராத்திரி
உதடு வீங்கி, மூச்சு விசிலாகி,
இதே வாசலுக்குப் பைக்கில் பதினொரு நிமிடம்.
அதுதான் ஆறு.
இப்போது ஊசியும் மருந்துக் குப்பியும்
ஈரத்துணி சுற்றிய பையில் கூடவே இருக்கின்றன.
நான்கு போதும்.

சேவுகனைப் பற்றிக் கேள்வியே இல்லை.
அவள் அண்ணன். பதினோரு வயது.
தெருமுனையில் கடலை மிட்டாய் தின்றுவிட்டு
மூன்று தடவை வாய் கொப்பளித்து
இரண்டு உள்ளங்கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டுவான்,
பிடிபட்ட திருடன் மாதிரி.
போன வாரம் கேட்டான்:
"பாப்பா எப்பவாச்சும் ஊருக்குப் போனா
அன்னைக்கு மட்டும் நான்
வீட்டுக்குள்ள உக்காந்து தின்னலாமாம்மா?"
ஓரத்தில் இடம் இருந்தது.
எழுத ஆரம்பித்து,
அவன் பேரோடு நிறுத்திவிட்டேன்.

மாணவி கூட்டிப் பார்த்தாள்.
"போன வருசம் எழுபத்தொண்ணு,
இப்ப முப்பத்தெட்டு.
ரொம்ப நல்ல முன்னேற்றம்க்கா!"
அவள் முகத்தில் நிஜமான சந்தோஷம்.

போன வருசம்
நாங்கள் இன்னும் எல்லா இடத்துக்கும்
போய்க்கொண்டிருந்தோம்.

சொல்ல வாயெடுப்பதற்குள்
தாகம் என்று உமையாள் பாட்டிலை எடுத்தாள்.
தாள் பறந்தது.