ஒரிஜினல்

ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக் கடனுக்கு
தங்கச்சி புருஷன் இளவழகன்
கொண்டுவந்து நிறுத்தினான் இந்த சாகாவை,
பாடாங் செராயில் என் தாமான் வீட்டு வாசலில்.
"எஞ்சின் கல்லு மாதிரிக்கா" என்றான்,
என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்து.

கல்தான். டேஷ்போர்டுதான் சுண்ணாம்பு.
எண்பத்தெட்டில் கோப்பி-ஓ நிறமாம்;
இப்போது பால் கூடிப்போன தே தாரே.
கண்ணாடியோரம் உதடு வெடித்து
உள்ளிருந்து மஞ்சள் நுரை எட்டிப் பார்த்தது.

நடுவில் மட்டும் ஒரு வட்டம்,
பால்டின் அடியளவு,
இன்றைக்குத்தான் கடையை விட்டு வந்ததுபோல் அடர்பழுப்பு.
எந்தச் சாமி நின்றதோ.
கிராண்டில் எனக்கு முன்னால் நாலு பேர்:
ஒரு லிம், ஒரு சுலைமான்,
ஒரு மேரி புஷ்பம், அப்புறம் நம்ம ஆள்.
சாமியாகவே இருக்க வேண்டுமென்றில்லை,
எலுமிச்சை வாசனைப் புட்டியாகவும் இருக்கலாம்.
யாராயிருந்தாலும்
முப்பது வருஷத்துக்கும் மேலான கெடா வெயிலை
அந்த நாலு விரல் இடத்துக்குள்
வரவிடவில்லை.

கையுறை ஃபேக்டரி இரவு ஷிப்டு முடிந்து
தூக்கத்தை மதியத்துக்குத் தள்ளிவைத்தேன்.
ரிஜெக்ட் கையுறை, பழைய டூத்பிரஷ், பாத்திரச் சோப்பு.
முந்தியவர்கள் பளபளப்புக்குப் பூசிய எண்ணெய்
துணி துணியாய் வந்தது.
அது போகாமல் சாயம் பிடிக்காது என்று
சுங்கைப் பட்டாணி கடைக்காரன் மூன்று தரம் சொன்னான்.
வெடிப்பில் பசை, பசைமேல் உப்புத்தாள்,
உப்புத்தாள்மேல் என் பொறுமை, இருந்தவரைக்கும்.
வட்டத்தின்மேல் டேப்;
நிறம் ஒத்துப் பார்க்க அது வேண்டும்.

மீட்டரை மூட நாளிதழ் தேடினேன்.
கையில் வந்தது மரண அறிவித்தல் பக்கம்.
கூலிம் அஞ்சலையம்மாள், வயது எண்பத்தொன்று,
பூப்போட்ட சேலையில் என்னையே பார்த்தார்.
வேறு பக்கம் இல்லை.
மன்னிச்சுக்குங்கம்மா என்று சத்தமாகவே சொல்லி
டின்னைக் குலுக்கினேன்.

மெல்லிசாய் ஒன்று. காயட்டும்.
மெல்லிசாய் இன்னொன்று.
மூன்றாவதில் ஜெராய் மலை காணாமல் போனது.
மலை மறைந்தால் அரை மணியில் மழை,
இங்கே குழந்தைக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும். டின்னில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.
ஈரக்காற்று பட்டு
சாயம் இட்லி மாவுபோல் வெளுத்தது.

மறுபடி ஞாயிறு. மறுபடி உப்புத்தாள்.
மறுபடி அஞ்சலையம்மாள், இப்போது பாதி பழுப்பாய்.

டேப்பை உரித்த அன்று
நிழலில் எல்லாம் ஒரே நிறம்.
தெருவுக்குத் தள்ளி வெயிலில் நிறுத்தினால்
வட்டம் மட்டும் ஒரு பொட்டு சிவப்பு.
மாதிரிக்கென்று நான் மூடிவைத்தது
எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

"ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கக்கா" என்றான் இளவழகன்.
"இருட்டுல எல்லாமே புதுசு."
சொல்லித்தான் இருந்தேன்.
வாங்க வந்த பையன் ஹபிசுடின்
பன்னிரண்டரைக்கே வந்துவிட்டான்,
செம்பனை லோரிகளுக்குப் பின்னால் மாட்டாமல் இருக்கவாம்.
கதவைத் திறந்தான், குனிந்தான்,
குதிரையின் கழுத்தைத் தடவுவதுபோல்
டேஷ்போர்டை ஒருமுறை தடவினான்.
"ஓரி கெ, காக்?"

வாய் ஆமாம் சொல்லத் தயாராகத்தான் இருந்தது.
விரல் போய் வட்டத்தைத் தொட்டது.
இது ஓரி. மற்றதெல்லாம் நான்.
அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே
இருநூறு வெள்ளி குறைத்தான்.

கடன் கழிந்தது, சாய டின் காசும் வந்தது,
மிச்சம் ஓர் அரிசி மூட்டைக்கு.

நேற்று ஷிப்டு இடைவேளையில் படம் ஒன்று அனுப்பியிருந்தான்.
வண்டி எங்கோ கடலோரம்.
வட்டத்தின்மேல் அச்சாய்ப் பொருந்தி
ஒரு பச்சை பிளாஸ்டிக் டைனோசர்
வாயைத் திறந்தபடி
வெயிலைப் பார்த்து நிற்கிறது.