குறிப்பேட்டில் எழுதாதவை

ஏஜாக்ஸ், புனித பிளேசியார் கத்தோலிக்கப் பள்ளி.
பெற்றோர் அவை, செவ்வாய் இரவு ஏழு மணி.
நூலகத்தில் முதலாம் வகுப்புக் கதிரைகள்.
முழங்கால் நாடியைத் தொட
பதினொரு பேர் குந்தியிருந்தோம்.
செயலாளர் நான்.
ஹலோவீன் வேண்டுமா என்பது மூன்றாவது விடயம்,
கழிவறைக் குழாய்க்கும் பீட்சா நாளுக்கும் பிறகு.

திருமதி அடெயெமி எழுந்து நின்றார்.
எங்களூரில் பேயை யாரும் விளையாட்டுக்குக் கூப்பிடுவதில்லை,
கூப்பிட்டால் அது வரும், என்றார்.
எழுதினேன்:
சில பெற்றோர் கவலை தெரிவித்தனர்.

ஹெனெகன் சிரித்தார்.
பூசணிக்கு முந்தி அது டர்னிப், அம்மா.
சகல புனிதர் திருநாளின் முன்னிரவு.
எங்கள் ஆட்கள் அயர்லாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது.
வீட்டுப் பிள்ளையை வாசலில் நிறுத்தி
நீ யார் என்று கேட்கிறீர்களே.
எழுதினேன்:
வரலாற்றுப் பின்னணி பகிரப்பட்டது.

பெரெய்ரா மணிக்கூட்டைப் பார்த்தார்.
அதிபர் பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.

நிமிர்ந்தேன்.
உலக வரைபடத்துக்கு மேலே
ஆணியில் தொங்கும் ஓர் உடல்.
விலாவில் காயம், முழங்காலில் சிவப்புச் சாயம்.
எல்லா வகுப்பிலும் உண்டு.
அதன் கீழேதான் ஏழாம் வாய்ப்பாடு,
அதன் கீழேதான் பல் விழுந்த பிள்ளை
வாயைத் திறந்து காட்டும்.
யாரும் அழுததாய்க் குறிப்பில்லை.
பீடத்துக் கல்லுக்குள் எலும்புத் துண்டு வைத்து
முத்தமிடுகிறவர்கள் நாங்கள்.
விபூதிப் புதனில் ஆறு வயசு நெற்றியில் சாம்பல் பூசி
நீ தூசி, தூசிக்கே போவாய் என்கிறவர்கள்.
பிறகு காகித எலும்புக்கூட்டைக் கண்டு
கதவைச் சாத்துகிறோம்.

சொல்ல வாயெடுத்தேன்.
செயலாளருக்குக் கருத்தில்லை.

ஆறுக்கு ஐந்து.
பேய் வேண்டாம், சூனியக்காரி வேண்டாம், இரத்தம் வேண்டாம்.
பிள்ளைகள் புனிதராய் வரலாம்.

ஆறாவது கை என்னுடையது.
வெள்ளிக்கிழமைகளில் என் வேலை முடியும்வரை
என் மகளை வைத்திருப்பவர் அடெயெமி.

ஷெரோமி புனிதர் புத்தகத்தை இரண்டு நாள் புரட்டினாள்.
ரோசாப்பூக்காரி வேண்டாமாம்.
ஆட்டுக்குட்டியோடு நிற்பவள் வேண்டவே வேண்டாமாம்.
லூசியம்மாள்தான் வேணும்,
பிடுங்கிய கண்களைத் தட்டில் ஏந்தி நிற்பவள்.
லைச்சி டின் ஒன்றை உடைத்தோம்.
இரண்டு பழம், நடுவில் ஒவ்வோர் உலர்ந்த திராட்சை.
என் வெள்ளைச் சால்வை,
கலியாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டு.

பத்தே முக்காலுக்கு அதிபர் அழைத்தார்.
பாலர் வகுப்பில் இரண்டு பேர் அழுகையாம்.
மூன்றாவது பையன்
ஒரு கண்ணை எடுத்துத் தின்றுவிட்டானாம்.
அவள் புனிதைதானே, என்றேன்.
போனில் யாரோ பந்தடிக்கிற சத்தம் மட்டும்.
பிறகு, ஓம், விதிக்கு உட்பட்டுத்தான், என்றார்.

இரவு மழையும் பனியும் கலந்து விழுந்தது.
மா குழைக்கிற பேசின் நிறைய சொக்லட்.
எட்டு மணிக்கு ஓர் எலும்புக்கூடு வந்தது.
விலா பச்சையாய் மின்ன,
மேலே பனிக்கோட்டு, ஜிப் பாதிவரை.
தெருவோரம் விளக்கணைத்த கார்.
உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
எங்கள் வாசலைத் தவிர எல்லாப் பக்கமும் பார்க்கிற ஒருத்தி.

ஆன்ரி, என்னைத் தெரியுதா?

குரல் தெரியும்.
வெள்ளிக்கிழமைக் குரல்.
ஐயோ, யார் நீ, பயமாயிருக்கே, என்றேன்.
முகமூடிக்குள் அவன் சிரித்தது கேட்டது.
இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன்.
காரை நோக்கிக் கையசைக்கவில்லை.
கார் தயங்கி, ஒருமுறை விளக்கைச் சிமிட்டிப் போனது.

அடுத்த கூட்டத்தில்
சென்ற குறிப்புகள் சரியென்று
யாராவது முன்மொழிய வேண்டும்,
யாராவது வழிமொழிய வேண்டும்.

அம்மா, ஒரு கண் மிச்சம், என்றாள் ஷெரோமி.
காலையிலிருந்து வெளியில் கிடந்தது.
பாதி நான், பாதி அவள்.