நான்கு மீட்டர் பிழை

செயற்கைக்கோள் அந்த இடம்வரை கொண்டுவந்து விடும்.
கடைசி நான்கு மீட்டர் விரல்களின் பாடு.

அல்சூர் ஏரிக்கரை, இரும்பு வேலியின்
பதினோராவது தூணுக்குப் பின்னால்
ஒரு மாத்திரை டப்பாவை ஒளித்தேன்.
காந்தம் ஒட்டி, பச்சை பூசி,
உள்ளே சுருட்டிய காகிதம், குட்டிப் பென்சில்.
ஜியோகேஷ் என்றால் வேறென்ன, இவ்வளவுதான்.

கண்டுபிடிப்பதில்தான் சுகம் என்பாள் பெனடிக்டா.
லால்பாக் பாறை இடுக்கில் முழங்கை சிராய்த்து
டப்பா தட்டுப்பட்டதும் அவள் போடும் கூச்சலுக்குக்
காவலாளி விசில் ஊதுவார்.
ஒரு கையெழுத்து. அடுத்த இடம்.

எனக்கோ வைத்த பிறகுதான் ஆரம்பம்.
சிவாஜி நகர் பேருந்து அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம்
வயிற்றுக்குள் சின்னதாய் ஒரு சிரிப்பு:
எத்தனை பேர் சாய்ந்து நிற்கிறார்கள்
அந்தத் தூணில், ஒன்றும் தெரியாமல்!

மழை ஓய்ந்ததும் பார்க்கப் போனேன்.
பதினொன்றில் துரு மட்டும்.
ஷூ லேஸ் கட்டுகிற பாவனையில் குனிந்து
பன்னிரண்டு, பதிமூன்று, திரும்ப ஒன்பது...
சோளம் சுடுபவர் கன்னடத்தில் கேட்டுப் பார்த்து
பிறகு தமிழில், "என்ன தொலைச்சீங்க?"
சாவி, என்றேன்.

இருட்டுகிற நேரம்,
இரும்பு பெஞ்சின் அடிவயிற்றில் விரல் இடறியது.
என்னைவிட நன்றாக ஒளித்திருக்கிறது யாரோ ஒரு கை.
நான் போட்ட கூச்சலில்
நீர்க்காகங்கள் தீவை விட்டு எழுந்தன.

முப்பத்தேழாவது பெயருக்குக் கீழே
என் பெயரை எழுதினேன், தேதி போட்டு.

பெனடிக்டாவிடம் சொல்லவில்லை.
இதையாவது
ஒழுங்காக ஒளித்து வைக்கிறேன்.