அந்தக் கேள்விக்கு வருவோம்

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோட்டில்
அப்பாவின் டயர் கடைக்கு மேல் ஓர் அறை.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
சுவரின் விரிசல் தெரியாதபடி
பின்னால் இழுத்துக் கட்டிய சாம்பல் போர்வை.
கீழே கம்ப்ரஸர் மூச்சு வாங்கும்போதெல்லாம்
லேப்டாப் லேசாக நடுங்கும்.

பம்பாயில் பேங்க் என்றதும்
எதிர் மெடிக்கல்காரர் கேட்டார்:
எந்தக் கவுண்டர்மா?
நகைக் கடனுக்கு என்ன வட்டி?
கம்பெனிகளை விற்றுக் கொடுக்கிற,
வாங்கிக் கொடுக்கிற பேங்க் என்றேன்.
அப்போ புரோக்கர், என்றார்.
தப்பில்லை.

பத்து வாரம் இன்டர்ன்ஷிப்.
பதினோரு பேர் இருந்தோம்.
படிப்பு முடிந்ததும் வாருங்கள் என்று
ஆறு பேருக்குக் கடிதம் போயிற்று.
அப்பாவிடம் நான் சொன்னது,
"இன்னும் கூப்பிடலை."
அந்த இன்னும்
ஏழு மாதமாக எங்கள் வீட்டில்
சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

இன்று நான்கு மணிக்கு வேறொரு பேங்க்.
கேட்பார்கள். கண்டிப்பாகக் கேட்பார்கள்.
சீசனில் மாங்கூழ் ஃபேக்டரியில்
எடை மேடைக் கணக்கு எழுதுகிற ஷப்ரீன்
கட்டிலில் சம்மணமிட்டு, வேர்க்கடலை உரித்தபடி
அவர்களாக இருந்து கேட்கிறாள்:
"உங்களை ஏன் திரும்ப எடுக்கல?"

அந்த வருஷம் இடங்கள் குறைவு.
"ஆறு பேருக்கு இருந்துச்சே."
சந்தை சரியில்லை.
"உனக்கு மட்டுமா?"
எனக்கே வேறு பிரிவில்தான் ஆர்வம்...
ஒரு கடலைத் தோல்
என் மூக்கில் பட்டு விழுகிறது.

சரி.
ஒரு சிமென்ட் கம்பெனி விற்பனை.
நாற்பத்தோராம் பக்கம் என்னுடையது.
மொத்த மதிப்பில் கடனைக் கழித்தால்
மிச்சம் பங்குதாரர்களுக்கு.
நான் கழிக்கவில்லை.

"லாரி எடையைக் கழிக்காம
மாங்காய்க்குப் பில் போட்ட மாதிரி."
கழிக்காமல் விடவில்லை ஷப்ரீன். கூட்டிவிட்டேன்.
"அப்ப லாரியை ரெண்டு தடவை வாங்கியிருக்க."
சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:
"கண்டுபிடிச்சது யாரு?"

நான்தான்.
இரவு ஒன்றே முக்காலுக்கு, வாடகைக் காரில்,
அச்சுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது.
காலையில் சீக்கிரம் போய்
அந்த ஒரு தாளை மட்டும் மாற்றிவிடலாம்,
யாருக்குத் தெரியப்போகிறது என்று படுத்தேன்.
ஒன்பதரைக்கு
அனிர்பன் கையில் அந்தத் தாள் இருந்தது.
கத்தவில்லை. உனக்கு எப்போது தெரியும் என்றார்.
சொன்னேன்.
மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.
அவ்வளவுதான்.

ஷப்ரீன் கடலை உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.
"இதையே சொல்லு," என்றாள். "குறைச்சு."

நான்கு மணி. திரையில் இரண்டு பேர்.
ஒருவர் வாயே திறக்கவில்லை.
இன்னொருவர் என் பெயரை
மாதேஷ்வாரி என்று நீட்டினார்.
மூன்றாவதாக வந்தது அந்தக் கேள்வி.
நாலைந்து வாக்கியத்தில் சொன்னேன்,
லாரியும் எடை மேடையும் உட்பட.
இப்போது தப்புத் தெரிந்தால்
அந்த நிமிடமே எழுப்பிச் சொல்வேன்,
இரவு இரண்டு மணியானாலும், என்று சொல்லி
நிறுத்தினேன்.
நிறுத்துவதுதான் கஷ்டம்.
கீழே யாரோ வீல் நட்டுகளை
ஒவ்வொன்றாகத் தகர டப்பாவில் போட்டார்கள்.
ஆறு வரை எண்ணினேன்.

"இந்த வருஷம் அங்கே
தோத்தாபுரி டன் என்ன விலை?"

தெரியாது, என்றேன்.
ஒரு நொடிகூட ஆகவில்லை.
இவளுக்குத் தெரியும், என்று
லேப்டாப்பைத் திருப்பினேன்.

மடி நிறையக் கடலைத் தோலோடு
துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு
எங்கள் ஊர் உருதுவில் ஆரம்பித்தாள்:
விலை, கழிவு, ஏற்றுகூலி,
ஃபேக்டரிக்காரர்கள் பணம் தர
இழுத்தடிக்கும் நாட்கள்.
வாய் திறக்காதவர்
பேனாவை எடுத்தார்.

திரை அணைந்ததும் அப்பா படியேறி வந்தார்,
கையெல்லாம் கிரீஸ்.
"கூப்பிடறாங்களாமா?"
தெரியலைப்பா.
போன தடவை மாட்டாங்கன்னு
எனக்கு அப்பவே தெரியும்.

அவர் ஒன்றும் பேசாமல்
கையைத் துடைக்க எதையோ தேடினார்.
போர்வையை அவிழ்த்துக் கொடுத்தேன்.