விலைப்புள்ளி

உட்கார்ந்த கிளையை வெட்டுகிறவன்
முட்டாள் என்பார்கள்.
ஹெலெத் அதற்குக் கூலி வாங்குகிறாள்,
ஒரு நாளைக்கு இவ்வளவு என்று,
வரி தனி.

காலை ஆறரை. போவிஸ் மலைச்சரிவில்
மழை இன்னும் முடிவெடுக்கவில்லை.
வேனுக்குள் ஈரக் கயிறு, சங்கிலி எண்ணெய்,
நேற்றைய சாண்ட்விச்
எல்லாம் ஒரே வாசனையாகிவிட்டன.
கெத்தின் ரம்பத்தின் பல்லை அராவிக்கொண்டே
மகளின் பல்லைப் பற்றிச் சொல்கிறான்:
இரண்டு விழுந்துவிட்டன, ஒன்று முளைக்கிறது.

முதல் வேலை சாலையோர பீச் மரம்.
பால் லாரியின் கூரையை உரசும் கிளை.
இடுப்புப் பட்டை, கொக்கி, இன்னொரு கொக்கி,
முதல் கொக்கியை மறுபடி இழுத்துப் பார்ப்பது.
இதில் மட்டும் அவளுக்கு அவசரம் கிடையாது.
அறுபட்ட கிளை
கயிற்றில் ஒரு நொடி யோசித்து
மெல்ல இறங்குகிறது,
பேருந்துப் படியில் நிறைமாதக்காரி இறங்குவதுபோல.
கெத்தின் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறான்.

மேலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று
கேட்காதவர் இல்லை.
அவள் பார்ப்பது முழங்கைக்கு அப்பால் ஓரடி:
பட்டை, பாசி, அடுத்த கால் வைக்குமிடம்.
ஒரே ஒருமுறை, ஓர் அக்டோபரில்,
கீழே நின்ற குதிரையின் முதுகிலிருந்து
மழை ஆவியாகி எழுவதைப் பார்த்தாள்.
அதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது சோறு போடுவது ஆஷ் மரங்கள்தான்.
ஏதோ ஒரு பூஞ்சை,
அதன் பெயர் வாயில் நுழையாது,
நுனியிலிருந்து உள்ளே காய்ச்சிக்கொண்டு வருகிறது.
செத்த ஆஷில் ஏறக்கூடாது, ரஸ்க் மாதிரி ஒடியும்.
தூக்கு எந்திரம் வாடகைக்கு எடுக்க வேண்டும்.
வேன் கடனைக் கட்டுவதே பூஞ்சைதான்
என்று கெத்தின் சிரிக்கிறான்.
அவள் சிரிப்பதில்லை. கடன் அவள் பெயரில்.

பதினோரு மணிக்குத் திருமதி பிரோசரின் பண்ணை.
கொட்டகையை ஒட்டி ஓர் ஆஷ்.
டீ கொடுத்தாயிற்று.
மேசைமேல் காசோலைப் புத்தகம் திறந்திருக்கிறது.
"சுற்று வட்டாரத்தில் எல்லாம் போகிறது,
இதுவும் போகத்தானே போகிறது?
நான் இருக்கும்போதே முடித்துவிடு."

ஹெலெத் மரத்தைச் சுற்றி வருகிறாள்.
மரச்சுத்தியலால் தட்டிக் கேட்கிறாள்,
பலாப்பழம் வாங்குகிறவர்களின் முகத்தோடு.
வேர்களுக்கிடையே விரலை விட்டுப் பார்க்கிறாள்.
தொலைநோக்கியில் உச்சி:
இலை, இலை, ஒரு புறாக்கூடு, இலை.
மேற்குப் பக்கம் ஒரு கிளை மட்டும் வெறும் குச்சி.

மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போடுகிறது.
மூன்று ஆள், இரண்டு நாள், எந்திரம்.
ஆயிரத்து நானூறு பவுண்டு.
செப்டம்பரில் வேனுக்கு டயர் மாற்ற வேண்டும்.

"இந்த மரத்துக்கு ஒன்றுமில்லை," என்கிறாள்.
"அந்த ஒரு கிளை. அரைமணி நேர வேலை."
"நிச்சயமாகவா?"
"இந்த வருஷத்துக்கு."
"அடுத்த வருஷம்?"
"கூப்பிடுங்கள். தட்டிப் பார்க்கக் காசு கிடையாது."

கிளைக்குள் ஓர் ஆணி இருந்தது.
துணிக்கொடி கட்ட
யாரோ எந்தக் காலத்திலோ அடித்தது.
மரம் அதை விழுங்கிவிட்டு
மேலே சதை வளர்த்திருந்தது.
சங்கிலி கண்டுபிடித்தது,
கத்திக்கொண்டு, பொறி பறக்க,
ஏழு பல் போயிற்று.
புதுச் சங்கிலி முப்பத்திரண்டு.
கூலி எண்பது.
கெத்தினுக்கு அதில் பாதிக்குமேல்.

ரசீதில் ஆணியைப் பற்றி அவள் எழுதவில்லை.

வேனில் ஏறியதும் கெத்தின் ஒன்றும் பேசவில்லை.
அவன் பேசாமலிருப்பது
நொறுக்கும் எந்திரத்தைவிடச் சத்தம்.
காதுக்குள் மரத்தூள் அரிக்கிறது.
சாவியைத் திருப்புகிறாள்,
பக்கக் கண்ணாடியைச் சரிசெய்கிறாள்.

கண்ணாடியில்
திருமதி பிரோசர் ஆஷ் மரத்தடியில் நிற்கிறார்.
கையில் டீ கலக்கிய கரண்டி.
ஒருமுறை தட்டுகிறார்.
யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிவிட்டு
காதைப் பட்டையோடு வைத்து
இன்னொரு முறை.